தொற்றுத் தடுப்பு பத்தி வைவால (வாய்மொழித் தேர்வுல) எல்லாரும் கரெக்டா சொல்றாங்க, பேஷண்ட் சேர் பக்கத்துல போனா ஏன் மாறிடுது? கொரோனா டைம்ல பிடிஎஸ் (பல் மருத்துவம்) படிச்சவங்க கொஞ்சம் வாங்க

வேப்பங்குச்சி:
எல்லாருக்கும் வணக்கம். நான் ஒரு பிரைவேட் டென்டல் காலேஜ்ல கன்சர்வேட்டிவ் டிபார்ட்மென்ட்ல (பல் அடைக்கற, வேர் சிகிச்சை பண்ற பிரிவு) சீனியர் லெக்சரர். 2020 மார்ச்ல நான் சிஆர்ஆர்ஐ, அதாவது படிப்பு முடிஞ்சு பயிற்சில இருக்கற ஹவுஸ் சர்ஜன். அதுக்கப்புறம் மேல்படிப்பு எம்டிஎஸ் முடிச்சு இப்ப கிளாஸ் எடுக்கறேன்.

போன வாரம் மூணாவது வருஷ பசங்களுக்கு முதல் கிளினிக்கல் போஸ்டிங். வைவால கேட்டேன், பிபிஇ, அதான் பாதுகாப்பு உடை, எந்த ஆர்டர்ல கழட்டணும்னு. ஒரு பொண்ணு கடகடன்னு சொல்லுச்சு, முதல்ல கிளவ்ஸ், அப்புறம் ஷீல்டு, அப்புறம் கவுன், ரூமை விட்டு வெளிய வந்த பிறகு கடைசியா மாஸ்க். கிருமி கொல்லத் துடைக்கற ஹைப்போகுளோரைட் எவ்வளவுன்னேன், தரை, மேஜைக்கெல்லாம் 1 சதவீதம்னு சொல்லுச்சு. ரொம்ப சந்தோஷம். பத்தே நிமிஷம் கழிச்சுப் பாக்கறேன், அதே பொண்ணு மாஸ்க் மூக்குக்குக் கீழ இருக்க, கிளவ்ஸ் போட்ட கையால கேஸ் ஷீட் எழுதி, அதே கையால போன்ல டைம் பார்த்து, அதே கையால பல்லைச் சோதிக்கற ப்ரோப் எடுத்து பேஷண்ட் வாய்க்குள்ள வைக்குது.

திட்ட வாய் வரல எனக்கு. ஏன்னா 2020 பிப்ரவரில நானும் அப்படித்தான் இருந்தேன். அப்போ ஏரோட்டார், அதான் பல்லைக் குடையற ட்ரில், போடும்போது துணி மாதிரி மெல்லிசா ஒரு மாஸ்க், காலைல போட்டது சாயந்தரம் வரைக்கும் அதேதான். ஏரோட்டார் நிமிஷத்துக்கு மூணு நாலு லட்சம் சுத்து சுத்தும், சூடாகாம இருக்க தண்ணி பீச்சும், அந்தத் தண்ணி எச்சில் ரத்தம் எல்லாத்தோடயும் சேர்ந்து புகையாட்டம் எழும்பும். பெரிய துளிங்க நம்ம மூஞ்சிலயும் பேஷண்ட் நெஞ்சுலயும் விழுந்துடும், சின்னது காத்துல அப்படியே மிதக்கும். பல் காரை எடுக்கற அல்ட்ராசோனிக் ஸ்கேலரும் அதே கதைதான். வாயைத் திறந்து மாஸ்க் இல்லாம பேஷண்ட் படுத்திருக்காரு, ஒரு அடி தூரத்துல நம்ம மூஞ்சி. இதெல்லாம் புக்ல இருந்துச்சு, பரீட்சைல எழுதினோம்.

அடுத்த வாரம் ஜூனியர்ஸுக்கு தொற்றுத் தடுப்பு பத்தி ஒண்ணரை மணி நேர கிளாஸ் எடுக்கச் சொல்லியிருக்காங்க. ஸ்லைடுல டெபனிஷன் போட எனக்கு இஷ்டமில்ல, அது அவங்களுக்கே தெரியும். அப்போ நமக்கு நிஜமா என்ன குறைஞ்சுது? தெரியாம இருந்தோமா, தெரிஞ்சும் செய்யலையா, இல்ல செய்யற மாதிரி நிலைமை இல்லையா? உங்க அனுபவத்தை அப்படியே எழுதுங்க.

சேலத்து_பொண்ணு:
நான் அப்போ பைனல் இயர். 2020 மார்ச் நடுவுல காலேஜ் மூடி ஹாஸ்டல காலி பண்ணச் சொன்னாங்க, 25ஆம் தேதி ஊரே மூடிட்டாங்க, வீட்டுக்குப் போயி உக்காந்தாச்சு. அந்த மூணு மாசத்துல எனக்கு வாட்ஸ்அப்ல வந்த கூகுள் ஃபார்ம் எத்தனைன்னு கணக்கே இல்ல. எல்லாம் ஒரே தலைப்புதான், "கொரோனா குறித்து பல் மருத்துவ மாணவர்களின் விழிப்புணர்வு". நானும் ஒரு ஃபார்ம் போட்டேன், பப்ளிக் ஹெல்த் மேடம் கைடு பண்ணாங்க.

அதுல கேள்வி எப்படி இருக்கும்னா, "ஒவ்வொரு பேஷண்டுக்கு முன்னாடியும் பின்னாடியும் கை கழுவுவீங்களா: எப்பவும், சில நேரம், இல்லவே இல்ல". யாரு சில நேரம்னு டிக் பண்ணுவா? வீட்ல கட்டில்ல படுத்துக்கிட்டு டிக் பண்றோம், கிளினிக் பார்த்தே ரெண்டு மாசம் ஆகுது, எல்லாரும் "எப்பவும்". அதை பார் சார்ட் போட்டு, விழிப்புணர்வு நல்லா இருக்குன்னு எழுதி முடிச்சேன். அப்போ பெருமையாத்தான் இருந்துச்சு.

வருஷக் கடைசில காலேஜ் திறந்தப்ப மேடமே ஒரு யோசனை சொன்னாங்க, இப்ப போயி நின்னு பாரும்மா, ஒண்ணும் கேட்காத, பாரு மட்டும்னு. ஒரு வாரம் மதிய ஓபில ஓரமா நின்னு பார்த்தேன். கை கழுவினாங்க, இல்லைன்னு சொல்ல மாட்டேன். ஆனா கழுவின கையால குழாயைத் திருகி மூடுவாங்க. கிளவ்ஸ் போட்டதும் சேர் லைட்டை இழுப்பாங்க, லைட் ஹேண்டில்ல ஒரு கவர் கிடையாது, போன பேஷண்டுக்கும் அதே ஹேண்டில்தான். நடுவுல மெட்டீரியல் வேணும்னா கவுன்டருக்கு அதே கிளவ்ஸோட ஓடுவாங்க. இது எதுவுமே என் ஃபார்ம்ல கேள்வியா இல்ல! நான் கேட்க வேண்டியதைக் கேட்கவே இல்லைன்னு அப்பத்தான் தெரிஞ்சுது.

அதனால அக்கா (அண்ணாவா இருந்தா மன்னிச்சுக்கோங்க), கிளாஸ்ல கேள்வித்தாள் மட்டும் குடுக்காதீங்க.

வேப்பங்குச்சி:
அக்காதான் மா. நீ சொன்ன லைட் ஹேண்டில் விஷயத்தை இப்பவே குறிச்சுக்கிட்டேன்.

ரிட்டயர்டு_பல்லு:
தம்பி தங்கைகளுக்கு வணக்கம். எனக்கு 60 தாண்டிடுச்சு, நான் பிடிஎஸ் படிச்சது எண்பதுகள்ல. கொரோனாவோட இது தொடங்கினதா நினைக்கறீங்க, அதுக்கு முன்னாடி நடந்ததைச் சொல்றேன்.

எங்க காலத்துல வெறுங்கையாலதான் பல் எடுத்தோம். கிளவ்ஸ்ங்கறது ஆபரேஷன் தியேட்டர்ல போடறது. இன்ஸ்ட்ருமென்ட்டை ஒரு பாத்திரத்துல கொதிக்க வைப்போம், அவ்வளவுதான், கொதிக்கற தண்ணியில எல்லா கிருமியும் சாகாதுன்னு மைக்ரோபயாலஜில படிச்சுட்டு வந்துதான் அதைச் செஞ்சோம். 1986-ல இந்தியாவுல முதல் எச்ஐவி கண்டுபிடிச்சாங்களே, அது நம்ம சென்னையிலதான். மெட்ராஸ் மெடிக்கல் காலேஜ்ல டாக்டர் சுனிதி சாலமன், அவங்ககிட்ட ஆராய்ச்சி பண்ணிட்டிருந்த நிர்மலாங்கற மாணவி. அந்தப் பொண்ணு போயி ரத்த சாம்பிள் சேகரிச்சு, ஐஸ் பெட்டில வச்சு ரயில் ஏறி வேலூர் சிஎம்சிக்கு கொண்டுபோய்தான் டெஸ்ட் பண்ணாங்க. ஒரு மாணவி செஞ்ச வேலை அது, நினைச்சா இப்பவும் எனக்கு மெய் சிலிர்க்கும்.

அந்த நியூஸ் வந்தப்புறம்தான் எங்களுக்கு பயம் வந்துச்சு. பயம் வந்தா என்ன நடந்துச்சுன்னு கேளுங்க. கிளவ்ஸ் போட ஆரம்பிச்சோம், சரி. ஆனா ஒரே ஜோடி, பேஷண்ட் மாறினா கிளவ்ஸோடவே சோப்புப் போட்டுக் கழுவி அடுத்த ஆள். இன்னொரு பக்கம், பார்த்தா சந்தேகமா இருக்கற ஆளுங்களை மட்டும் தனியா நடத்தறது, இல்ல திருப்பி அனுப்பறது. பார்த்து எப்படித் தெரியும்? எல்லா பேஷண்டையும் ஒரே மாதிரி நினைச்சு, எல்லாருக்கும் ஒரே பாதுகாப்புன்னு செய்யணுங்கறது மண்டைல ஏற எங்க தலைமுறைக்கு பத்து வருஷத்துக்கு மேல ஆச்சு.

இன்னொண்ணு, ஹெபடைட்டிஸ் பி. எச்ஐவி ஊசி குத்தினா தொத்தற வாய்ப்பு ஆயிரத்துல மூணு பேருக்குன்னு சொல்வாங்க, ஹெபடைட்டிஸ் பி அதை விடப் பல மடங்கு. காஞ்சு போன ரத்தத்துலயே ஒரு வாரம் உயிரோட இருக்கும் அந்த வைரஸ். எங்க பேட்ச்ல ஒருத்தருக்கு வந்துச்சு, நல்ல கைராசிக்காரர், ஈரல் கெட்டுப் போயி 48 வயசுல போயிட்டார். எங்க இருந்து வந்துச்சுன்னு அவருக்கே தெரியல. பசங்களா, ஹெபடைட்டிஸ் பி ஊசி மூணு டோஸ், 0, 1, 6 மாசம், போட்டீங்களா? போட்டு ஒண்ணு ரெண்டு மாசம் கழிச்சு டைட்டர், அதான் எதிர்ப்பு சக்தி வந்துச்சான்னு பார்க்கற ரத்த டெஸ்ட், பார்த்தீங்களா, 10-க்கு மேல வந்துச்சா? கொரோனா தடுப்பூசி சர்டிபிகேட் போன்ல வச்சிருக்கீங்க, இது எத்தனை பேர்கிட்ட இருக்கு?

பைனல்இயர்2025:
சார், நான் ரெண்டு டோஸ் போட்டேன், மூணாவது பரீட்சை வந்ததால விட்டுட்டேன். டைட்டர்னா என்னன்னு தெரியும், ஆனா பார்க்கல. இப்ப போட்டா மறுபடி முதல்ல இருந்து போடணுமா சார்?

ரிட்டயர்டு_பல்லு:
வேண்டாம்பா, விட்டதுல இருந்து தொடரலாம், மூணாவதைப் போட்டு முடி. முடிச்சுட்டு டைட்டர் பாரு. இந்த வாரமே போ.

ஓபி_நம்பர்_47:
நான் எழுதலாமா வேண்டாமான்னு ரெண்டு நாள் யோசிச்சேன். 2021-ல நான் ஹவுஸ் சர்ஜன். ஜனவரி 16-ல ஹெல்த் வொர்க்கர்ஸுக்கு ஊசி ஆரம்பிச்சாங்க, எங்க லிஸ்ட்டும் போச்சு, பிப்ரவரில முதல் டோஸ் போட்டேன். அந்த தைரியம் வேற. ஏப்ரல்ல ரெண்டாவது அலை.

ஸ்வாப் எடுக்கற டியூட்டி போட்டாங்க, அது கூட பரவால்ல. பிபிஇ கிட்டுக்குள்ள ஆறு மணி நேரம், ஏப்ரல் மாச வெயிலு, ஏசி கிடையாது, தண்ணி குடிச்சா பாத்ரூம் போகணும், போனா கிட் போச்சு, புது கிட் கேட்டா மூஞ்சியப் பார்ப்பாங்க, அதனால காலைல இருந்தே தண்ணி குடிக்க மாட்டோம். எங்க கூட இருந்த பொண்ணுங்க பீரியட்ஸ் டைம்ல பட்ட பாடு தனி. ரெண்டு பேருக்கு யூரின் இன்பெக்‌ஷன் வந்துச்சு. அதைப் பத்தி எந்த கைட்லைன்லயும் ஒரு வரி நான் பார்க்கல.

நான் சொல்ல வந்தது இது இல்ல. மே மாசம் முதல் வாரம் ப்ராஸ்தோ (செயற்கைப் பல் பிரிவு) போஸ்டிங். ஒரு பாட்டி, பல் செட்டு கேஸ், வாய்ல வச்சுப் பொருந்துதான்னு பார்க்கற ட்ரை-இன் வரைக்கும் வந்தாச்சு, இன்னும் ஒரு விசிட்டு. எனக்கு ராத்திரி லேசா உடம்பு சுட்டுச்சு, தொண்டை கரகரன்னு. காலைல பாராசிட்டமால் போட்டேன், ஜுரம் இல்ல. லீவு எடுத்தா எத்தனை நாளோ அத்தனை நாள் இன்டர்ன்ஷிப் நீளும், அந்த வருஷம் நீட் எம்டிஎஸ் எழுத, சர்டிபிகேட் வாங்க எல்லாம் தேதி கணக்கு. யூனிட் சீஃப்கிட்ட சொல்லலாம்னு போனேன், முன்னாடி ஒருத்தன் அதே காரணம் சொல்லி வாங்கிக் கட்டிக்கிட்டான், எல்லாருக்கும் தான் தொண்டை கட்டுதுன்னு. நான் வாய மூடிட்டுப் போயி கேஸ் பார்த்தேன். என்95, ஷீல்டு, எல்லாம் போட்டுத்தான் பார்த்தேன்.

மூணாவது நாள் எனக்கு வாசனை போச்சு, டெஸ்ட் பாசிட்டிவ். பாட்டி வீட்டுக்கு போன் பண்ணி சொல்லச் சொன்னாங்க, நானே பண்ணேன். அவங்களுக்கும் அந்த வாரம் பாசிட்டிவ். பொழைச்சுக்கிட்டாங்க, ஆஸ்பத்திரில பதினொரு நாள் இருந்தாங்க. என்கிட்ட இருந்து போச்சா, அவங்க பேரன் கம்பெனிக்குப் போயிட்டு வந்தான், அவன்கிட்ட இருந்தா, யாரும் சொல்ல முடியாது. அவங்க மகன் என்னை ஒரு வார்த்தை திட்டல, அதுதான் தாங்க முடியல எனக்கு.

எனக்கு என்ன தெரியாது சொல்லுங்க? அறிகுறி இருந்தா வீட்ல இருக்கணும்னு ஸ்வாப் எடுக்க வர்றவங்களுக்கு நானே நாளெல்லாம் சொன்னேன்.

தாடை_எலும்பு:
நண்பா, படிச்சுட்டு கொஞ்ச நேரம் எதுவும் எழுத முடியல. நீங்க எழுதினது நல்லது. இதை வேப்பங்குச்சி மேடம் கிளாஸ்ல சொல்லணும், பேர் இல்லாம.

அந்த மே மாசம் நான் ஓரல் சர்ஜரி பிஜி, எம்டிஎஸ் படிச்சிட்டிருந்தேன். எங்களுக்கு அப்போ வந்தது வேற ஒண்ணு, கருப்பு பூஞ்சை. முதல் கேஸ் எங்க டிபார்ட்மென்ட்டுக்கு நேரா வரல, ஓபில ஒரு மூணாவது வருஷ பையன்கிட்டதான் வந்துச்சு. 50 வயசு ஆளு, மேல் தாடைல பல்லு ஆடுதுன்னு வந்தாரு. ஈறு நோய்னு எழுதி ஸ்கேலிங்குக்கு அனுப்பியிருக்கலாம், யாரா இருந்தாலும் அதைத்தான் செஞ்சிருப்பாங்க. அந்தப் பையன் கேஸ் ஹிஸ்டரி எடுக்கறதுல ரொம்ப நிதானம். போன மாசம் வரைக்கும் ஆடாத பல்லு வரிசையா நாலும் ஒண்ணா ஏன் ஆடுதுன்னு அவனுக்கு உறுத்தியிருக்கு. கொரோனா வந்துச்சான்னு கேட்டான், வந்துச்சு, மூணு வாரம் முன்னாடி. ஸ்டீராய்டு ஊசி போட்டாங்களா, ஆமா. சுகர் எவ்வளவு, 400 பக்கம். கன்னம் மரத்துப் போயிருக்கான்னு தொட்டுப் பார்த்தான், மரத்துத்தான் இருந்துச்சு. மேல் அண்ணத்துல டார்ச் அடிச்சா ஒரு பக்கம் நிறம் மாறிக் கிடந்துச்சு. ஓடி வந்து எங்கள கூப்பிட்டான்.

அன்னைக்கே ஈஎன்டிக்கு அனுப்பி, ஆம்போடெரிசின்ங்கற பூஞ்சை மருந்தை ஆரம்பிச்சு, பாதி மேல் தாடைய எடுக்க வேண்டி வந்துச்சு, ஆனா கண்ணும் உயிரும் தப்பிச்சுது. அப்புறம் ப்ராஸ்தோல ஆப்டுரேட்டர் செஞ்சு குடுத்தாங்க, அந்த ஓட்டைய அடைக்கற பிளேட்டு, அதைப் போட்டதும்தான் அவர் பேச்சு திரும்பவும் புரிஞ்சுது. பெருந்தொற்று டைம்ல முன்னெச்சரிக்கைன்னா மாஸ்க் கிளவ்ஸ்னே பேசறோம், அந்தப் பையன் கேட்ட நாலு கேள்வியும் முன்னெச்சரிக்கைதான்னு நான் சொல்வேன்.

அதே மாதிரி லாக்டவுன்ல போன்ல பேஷண்ட் பார்த்தோமே, அதுலயும் இதே விஷயம். 2020 மே மாசம் மத்திய சுகாதார அமைச்சகம் பல் டாக்டர்களுக்கு தனி கைட்லைன் போட்டுச்சு, கன்டெய்ன்மென்ட் ஜோன்ல கிளினிக் மூடு, மத்த இடத்துல எமர்ஜென்சியும் அவசர கேஸும் மட்டும். சரி, எது எமர்ஜென்சி? இன்னொரு ஊர் கேஸ், தாடைக்குக் கீழ வீக்கம், போன்ல ஒருத்தர் அஞ்சு நாள் ஆன்டிபயாடிக் சொல்லிட்டு வச்சுட்டாரு. எங்ககிட்ட வரும்போது நாக்கு தூக்கிக்கிட்டு எச்சில் முழுங்க முடியல, மூச்சு அடைக்க ஆரம்பிச்சுடுச்சு. வாய் திறக்க முடியுதா, எச்சில் முழுங்க முடியுதா, குரல் மாறியிருக்கா, கழுத்துப் பக்கம் வீக்கம் இறங்குதா, இதை போன்ல கேட்டிருந்தாலே உடனே வரச் சொல்லியிருக்கலாம். ஜூனியர்ஸுக்கு இதை வாயால கேட்டுப் பழகவே பழக்குங்க மேடம்.

தனி_கிளினிக்:
நான் கொஞ்சம் மாத்திப் பேசறேன், கோபப்படாதீங்க. 15 வருஷமா தனியா கிளினிக் வச்சிருக்கேன். பல் டாக்டர்தான் எல்லாரையும் விட அதிகமா சாகப் போறாங்கன்னு 2020-ல எல்லா பக்கமும் பயமுறுத்தினாங்க. அப்படி ஆகல. அமெரிக்காவுல 2020 ஜூன்ல எடுத்த சர்வேல பல் டாக்டர்கள்ல கொரோனா வந்தவங்க ஒரு சதவீதத்துக்கும் கீழதான். ஏரோட்டார்ல எழும்பற புகைல பெரும்பாலும் மெஷின் தண்ணிதான், பேஷண்ட் எச்சில் கொஞ்சம்தான்னு அப்புறம் ஓஹையோ பக்கத்துல ஆராய்ச்சி பண்ணி சொன்னாங்க. அந்த பயத்துல நாம என்னென்ன செஞ்சோம்? திருப்பூர்ல டன்னல் வச்சு மனுஷங்க மேல மருந்து அடிச்சாங்க, மனுஷங்க மேல அடிக்காதீங்கன்னு மத்திய அரசே ஏப்ரல்ல சொல்ல வேண்டி வந்துச்சு. கிளினிக்ல மருந்தைப் புகையா அடிக்கற ஃபாகர் மெஷின் வாங்கினோம், யூவி லைட்டு வாங்கினோம், பிபிஇ சார்ஜுன்னு ஏழை பேஷண்ட்கிட்டயும் காசு வாங்கினோம். நானும் வாங்கினேன், 400 ரூபா. அதனால பல் எடுக்காம போனவங்க உண்டு. மாணவர்களுக்கு பயத்தை சொல்லிக் குடுக்காதீங்க, வர்ற பேஷண்டைத் துரத்தற மாதிரி ஆகிடும்.

சேலத்து_பொண்ணு:
சார், குறைவா வந்ததுக்குக் காரணமே அவங்க மாஸ்க் ஷீல்டு எல்லாம் ஒழுங்கா போட்டதா இருக்கலாமே? அதே சர்வேல கிட்டத்தட்ட எல்லாருமே தொற்றுத் தடுப்புக்கு ஏதோ ஒண்ணு கூடுதலா செஞ்சதா சொல்லியிருந்தாங்க. குறைஞ்சுதுன்னு சொல்லி அதை விட்டுட முடியாது.

தனி_கிளினிக்:
அது நியாயம்மா. நான் விடச் சொல்லல. எது வேலை செஞ்சுதோ அதை வச்சுக்கிட்டு எது வெறும் காட்சியோ அதை விடணும்னு சொல்றேன். என் கிளினிக்ல இப்பவும் இருக்கறது என்ன தெரியுமா, ஜன்னல். 2020-ல மூடியே கிடந்த ஜன்னலை உடைச்சு எதிர்ப்பக்கம் எக்ஸாஸ்ட் போட்டேன். அந்த யூவி லைட்டு பரண்ல கிடக்கு.

வேப்பங்குச்சி:
சார் சொன்ன ஜன்னல்ல நான் நின்னுடறேன், ஏன்னா எங்க காலேஜ்ல இதுக்குத்தான் விடை கிடைக்கல. தனி ரூம்ல ஒரு மணி நேரத்துக்கு 6 தடவை காத்து மாறினா, மிதக்கறதுல 99 சதவீதம் போக முக்கா மணி நேரம் ஆகும், 12 தடவை மாறினா அதுல பாதி நேரம். இங்கிலாந்துல முதல்ல ஒரு பேஷண்ட் முடிஞ்சா ஒரு மணி நேரம் ரூமை சும்மா விடச் சொன்னாங்க. நம்ம காலேஜ் கிளினிக் எப்படி இருக்கும்? ஒரே ஹால், இருபது முப்பது சேர், நடுவுல தடுப்பு கிடையாது, இங்க ஒருத்தர் ஸ்கேலிங் பண்ணா அங்க ஒருத்தர் இம்ப்ரஷன் (பல் அச்சு) எடுக்கறாரு. எந்த ரூமை சும்மா விடறது? 2021-ல ஒரு சேர் விட்டு ஒரு சேர் போட்டாங்க, பிளாஸ்டிக் ஷீட் தொங்கவிட்டாங்க, அந்த ஷீட்டே காத்தை மறைச்சுடுச்சு, யாரும் துடைக்கவும் இல்ல.

உருப்படியா நடந்தது மூணு விஷயம்தான் என் அனுபவத்துல. ஏரோட்டார் வேலை எல்லாத்தையும் ஜன்னல் பக்க வரிசைல மட்டும் வச்சது. ரப்பர் டேம் (வேலை செய்யற பல்லை மட்டும் வெளிய விட்டு வாயை மறைக்கற ரப்பர் ஷீட்) போடாம ஆர்சிடி, அதாவது வேர் சிகிச்சை, கூடாதுன்னு எங்க எச்ஓடி (துறைத் தலைவர்) ஒரே பிடியா நின்னது. அதுக்கு முன்னாடி ரப்பர் டேம் பரீட்சை அன்னைக்கு மட்டும் வெளிய வரும். இப்ப எனக்கு அது இல்லாம பல்லைத் தொறக்கவே கை வரல. மூணாவது, ரெண்டு பேர் ஒரு கேஸ், ஒருத்தர் ட்ரில் பண்ண இன்னொருத்தர் ஹை வால்யூம் சக்‌ஷனை பல்லுக்குப் பக்கத்துலயே பிடிக்கணும். எச்சில் இழுக்கற அந்த சின்ன வளைஞ்ச குழாய் இதுக்கு பத்தாது, அதை வச்சுட்டு சக்‌ஷன் போட்டாச்சுன்னு நினைக்கறாங்க.

அட்டெண்டர்_மகன்:
நான் டாக்டர் இல்ல. எங்கப்பா ஒரு பல் ஆஸ்பத்திரில அட்டெண்டரா இருந்து ரிட்டயர் ஆனவர். இந்த இழையை தங்கச்சி காட்டுனா, அவ இப்ப பிடிஎஸ் ரெண்டாவது வருஷம்.

நீங்க எல்லாரும் சேர் பக்கத்துல என்ன நடந்துச்சுன்னு எழுதறீங்க. பேஷண்ட் போன பிறகு அந்த சேரை யாரு துடைச்சா? எங்கப்பாதான். துப்பற தொட்டியை யாரு கழுவுனா? ஸ்டூடண்ட்ஸுக்கு என்95 கிடைச்சப்ப அப்பா மாதிரி அட்டெண்டர்களுக்கு துணி மாஸ்க்கு. மஞ்சள் கவர்ல போட வேண்டிய ரத்தப் பஞ்சும் மாஸ்க்கும் சிவப்பு கவர்ல கிடக்கும், சிவப்புல போட வேண்டிய கிளவ்ஸ் மஞ்சள்ல கிடக்கும், ஊசி எங்க வேணும்னாலும் கிடக்கும், பிரிச்சுப் போடறது அவருதான். 2019-லயே ஒரு தடவை கவருக்குள்ள இருந்து ஊசி குத்திடுச்சு, டெஸ்ட் ரிசல்ட் வர்ற வரைக்கும் எங்கம்மா சாப்பிடல. ஊசியைப் போட வெள்ளை டப்பா ரெண்டடி தூரத்துலதான் இருந்துச்சு.

ஒரே ஒரு ஹவுஸ் சர்ஜன் பொண்ணு மட்டும் கேஸ் முடிஞ்சதும் தன் ஊசியை தானே டப்பால போட்டுட்டு, அப்பாகிட்ட வந்து "அண்ணே, என் டிரேல ஷார்ப்ஸ் இல்ல, நீங்க எடுக்கலாம்"னு சொல்லிட்டுப் போவாங்களாம். அவங்களை அப்பா இன்னைக்கும் சொல்வாரு.

ரிட்டயர்டு_பல்லு:
தம்பி, உங்க அப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்க. ஹெபடைட்டிஸ் பி ஊசி அட்டெண்டர்களுக்கும் துப்புரவுப் பணியாளர்களுக்கும் போட்டாங்களான்னு எந்த காலேஜ்லயும் பசங்க கேட்கறதில்ல. நானும் சர்வீஸ்ல இருந்தப்ப கடைசிப் பத்து வருஷம்தான் கேட்டேன்.

பைனல்இயர்2025:
நான் இதுல சின்னவன், ஒரு சந்தேகம் கேட்கலாமா. எல்லாரும் சொல்றது புரியுது. ஆனா எங்களுக்கு இருக்கற நெருக்கடியும் சொல்லணும். ஒவ்வொரு டிபார்ட்மென்ட்லயும் கோட்டா, இத்தனை கேஸ் முடிச்சே ஆகணும்னு. பேஷண்ட் கிடைக்கறதே பெரிய விஷயம், நாங்களே பஸ் ஸ்டாண்டு, தெரிஞ்ச கடை, சொந்தக்காரங்கன்னு கூட்டிட்டு வர்றோம், ஆட்டோ காசும் நாங்கதான். ஒன்பதரைக்கு ஓபி, பன்னெண்டரைக்கு ஸ்டாஃப் கையெழுத்து, அதுக்குள்ள ரெண்டு கேஸ் முடிக்கணும்னா நடுவுல சேர் துடைச்சு, சேரோட குழாய்ல தண்ணிய அரை நிமிஷம் ஓட விட்டு, ஹேண்ட்பீஸ் (கைல பிடிக்கற ட்ரில்) ஆட்டோக்ளேவ்ல (நீராவில கிருமி கொல்ற மெஷின்) இருந்து வர்ற வரைக்கும் காத்திருந்தா ஒரு கேஸ்தான் ஆகும். ஹேண்ட்பீஸ் எங்க சொந்தக் காசு, ஒண்ணுதான் இருக்கு, ஸ்பிரிட்ல துடைச்சுட்டு போடறவங்க இருக்காங்க. தப்புன்னு எங்களுக்கே தெரியும். வைவால கேட்டா 121 டிகிரி, 15 பவுண்டு பிரஷர், 15 நிமிஷம்னு சொல்லிடுவோம்.

ஓபி_நம்பர்_47:
தம்பி, இதை நீ எழுதினதுக்கு நன்றி. நான் ஜுரத்தை மறைச்சதும் நீ ஸ்பிரிட்ல துடைக்கறதும் ஒரே இடத்துல இருந்துதான் வருது. யாரும் நமக்குச் சொல்லித் தராம இல்ல. சரியா செஞ்சா நமக்கு நஷ்டம்ங்கற மாதிரி வச்சிருக்காங்க.

ஆனாலும் ஸ்பிரிட் வேண்டாம்பா. துடைச்சா வெளிப்பக்கம்தான், உள்ள குழாய்ல போன பேஷண்டோட எச்சில் பின்னாடி இழுத்திருக்கும். நாலு பேர் சேர்ந்து ரெண்டு ஹேண்ட்பீஸ் கூடுதலா வாங்கி மாத்தி மாத்திப் போடுங்க, நாங்க அப்படித்தான் பண்ணோம்.

தாடை_எலும்பு:
இன்னொண்ணு, எங்க ஹாஸ்டல்ல கொரோனா பரவினது எங்க வச்சுன்னு நினைக்கறீங்க? கிளினிக்ல எல்லாரும் கவசம் போட்ட மாதிரி இருந்தோம். ஒரு மணிக்கு பிஜி ரூம்ல ஜன்னல் மூடி ஏசி போட்டு எட்டு பேர் ஒண்ணா உக்காந்து டிபன் பாக்ஸ் திறப்போம், காலைல இருந்து அடக்கி வச்ச பேச்செல்லாம் அப்பத்தான். ஒரே வாரத்துல அந்த எட்டுல அஞ்சு பேர். பேஷண்ட் பார்த்தே ஆகாத ஓரல் பேத்தாலஜி பையனும் அதுல ஒருத்தன். பேஷண்டுன்னா பயம், ஃப்ரெண்டுன்னா பயமில்ல, மனசு அப்படித்தான் போகுது.

வேப்பங்குச்சி:
எல்லாரும் எழுதினதைப் படிச்சுட்டு நேத்து எச்ஓடி சார்கிட்ட போனேன், போட்டிருந்த ஸ்லைடு எதுவும் எடுத்துட்டுப் போகல. மூணு விஷயம் கேட்டேன். ஒண்ணு, உடம்பு சரியில்லன்னு காலைல மெசேஜ் போட்டா அன்னைக்கு கேஸ் பார்க்க விடாம, அந்த நாளை கேஸ் டிஸ்கஷன், லேப் வேலைன்னு பிறகு ஈடு கட்ட விடணும். எக்ஸ்டென்ஷன் விஷயம் யுனிவர்சிட்டி ரூல், அவரால மாத்த முடியாது, ஆனா கோட்டாவை டிபார்ட்மென்ட்டுக்குள்ள தள்ளிப் போட முடியும்னு ஒத்துக்கிட்டாரு. ரெண்டு, டிபார்ட்மென்ட் காசுல ஆறு ஹேண்ட்பீஸ் பொதுவா வைக்கறது. நாலு தர்றேன்னாரு. மூணு, கேஸ் கையெழுத்துப் போடும்போது ஃபில்லிங்கை மட்டும் பார்க்காம டிரேல ஊசி கிடக்கா, லைட் ஹேண்டில் கவர் மாத்தியாச்சான்னும் ஸ்டாஃப் பார்த்துட்டுத்தான் போடணும். இதுக்கு மத்த ஸ்டாஃப் ரெண்டு பேர் முகம் சுளிச்சாங்க, பார்ப்போம், நான் என் யூனிட்ல திங்கக்கிழமைல இருந்து செய்யறேன்.

கிளாஸை சேர் பக்கத்துலயே வச்சுக்கறேன். கிளவ்ஸ்ல கொஞ்சம் கலர் பெயிண்ட் தடவி விட்டு, வழக்கம் போல ஒரு கேஸ் பாருங்கன்னு விட்டுட்டு, முடிஞ்சதும் எங்கெங்க கலர் ஒட்டியிருக்குன்னு அவங்களே தேடட்டும். அட்டெண்டர் அண்ணன் ரெண்டு பேரையும் கூப்பிட்டிருக்கேன், அவங்க பத்து நிமிஷம் பேசுவாங்க.

அட்டெண்டர்_மகன்:
மேடம், அப்பாகிட்ட படிச்சுக் காட்டினேன். பெயிண்டு வேண்டாம், குங்குமத்தைத் தண்ணில கரைச்சுப் பூசச் சொல்றாரு, சேர் ரெக்சின்ல பெயிண்டு போனா போகாதாம், துடைக்கறவங்க பாடு திண்டாட்டமாயிடுமாம்.

வேப்பங்குச்சி:
அப்பாவுக்கு ரொம்ப நன்றின்னு சொல்லுங்க. முதல்ல ஒரு மூலைல கறை போகுதான்னு துடைச்சுப் பார்த்துட்டு குங்குமமே வச்சுக்கறேன்.

பைனல்இயர்2025:
மேடம், கடைசியா ஒண்ணு. எனக்கு ஒரு தோழி, சின்ன முகம், எந்த என்95 போட்டாலும் மூக்கு ஓரம் காத்து வந்து கண்ணாடி மூடுபனி மாதிரி ஆகிடுது, அதனாலதான் அவ மூக்குக்குக் கீழ இறக்கிடறா. என்ன பண்ணலாம்?

வேப்பங்குச்சி:
கேட்டியே, நல்லது. நான் முதல் போஸ்ட்ல சொன்ன பொண்ணும் கண்ணாடிதான் போட்டிருந்துச்சு, நான் அதை யோசிக்கவே இல்ல பாரு. சைஸ் ஸ்மால் கிடைக்குது, சர்ஜிக்கல் டீலர்கிட்ட கேட்டா வரவழைச்சுக் குடுப்பாங்க, மெடிக்கல் ஷாப்ல பொதுவா ஒரே சைஸ்தான். காது லூப் வேண்டாம், தலைக்குப் பின்னாடி ரெண்டு பட்டை போற மாடல் வாங்கச் சொல்லு. வால்வு வச்சது வேண்டவே வேண்டாம், அது போடறவங்க விடற மூச்சை அப்படியே பேஷண்ட் மேல விடும். போட்டதும் மூக்குக் கம்பியை ரெண்டு கை விரலாலயும் அழுத்தி, ரெண்டு உள்ளங்கையாலயும் மாஸ்க்கை மூடி வேகமா ஊதணும், கண்ணுப் பக்கம் காத்து அடிச்சா சரியா உக்காரலன்னு அர்த்தம், மறுபடி அழுத்தணும். அவளை திங்கக்கிழமை காலைல எட்டரைக்கு என் ரூமுக்கு வரச் சொல்லு, என்கிட்ட மூணு மாடல் இருக்கு, போட்டுப் பார்ப்போம்.